புது ஸ்பீக்கரின் அடைத்த குரல்

5 ஆகஸ்ட் 1988, வெள்ளிக்கிழமை

சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்று என் வேனுக்குள் குப்புறப் படுத்து ஒரு ஸ்பீக்கரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டாள். நாளைக்குத் தெரு முழுக்கத் தெரியும்.

புக்கிட் தெங்கா ஃபேக்டரிக்கு நான் ஏற்றிப்போகும் பெண்கள், மீசைக்கு மை பூசும் முத்துவின் வேனுக்கு மாறப் பார்க்கிறார்கள். அதில் பாட்டு அப்படி அதிருமாம். அதற்காகத்தான் புது ஸ்பீக்கர் நாலும் பெரிய ஆம்ப்ளிஃபயரும் பூட்டினேன். நேற்று தண்ணீர்மலைக் கோயிலில் பூசையும் போட்டாயிற்று. காலையில் பாட்டைப் போட்டால், சளி பிடித்தவன் போர்வைக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது.

"அண்ணே, பழசே நல்லா இருந்திச்சுலா," என்றாள் ராணி. பின்சீட்டில் ஒரே சிரிப்பு. "திங்கட்கிழமையிலருந்து நாங்க முத்து அண்ணன் வேன்ல போறோம்."

சாயந்திரம் வயர்களைக் கழற்றி மாட்டினேன். கேசட்டை மாற்றினேன். கடைக்காரனிடம் போய்க் கத்தினேன். அவன் ஆம்ப்ளிஃபயரை வேறு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான். கடையே அதிர்ந்தது.

"ஸ்பீக்கர என்ன பண்ணீங்க அண்ணே?"

"நான் என்னடா பண்ணேன்? சாமி கும்பிட்டேன்!"

கோபமாக வந்துவிட்டேன். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், நாலு ஸ்பீக்கரிலும் அதிர வேண்டிய காகிதத்தில் பூசைச் சந்தனம் சிமெண்டாகக் காய்ந்து கிடக்கிறது. ஒன்றைச் சுரண்டினேன். காகிதமும் கூடவே வந்துவிட்டது.

திங்கட்கிழமை வேன் காலிதான். மீதி மூன்றிலும் என் கட்டைவிரல் ரேகை அழகாகப் பதிந்திருக்கிறது.