தொண்ணூற்றாறாவது தாள்

2008 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.40, தலவாக்கலை. என் மேசையில் இருப்பது 96 தாள். உனக்கு வந்தது 95.

அன்பு மகள் ரோகினிக்கு, சித்தப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், பெரிய குறை இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்த வெளிநாட்டுக் குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைக்கிறேன். லிந்துலையில் பதினொரு நாளாக மழை விடவில்லை. தோட்டத்து லய வீட்டில் உன் கட்டிலுக்கு மேலே இருந்த தகரம் பெயர்ந்துவிட்டது, அடித்துவிட்டேன், ஆனால் சுவர் ஊறிப்போய் விரலை வைத்தால் மண் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, கொழுந்து பறிக்க மலைக்குப் போகாதீங்க அண்ணி என்று சொன்னால் கேட்பதில்லை, நான் வீட்டுல குந்தியிருந்தா புள்ள படிச்சி முடிச்சிருமா என்கிறார். கையால் எழுதச் சொன்னதும் அவர்தான், இதை ஸ்கேன் பண்ணி இன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்புகிறேன், அசல் தபாலில் வரும். இனி விசயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

உன் ஆய்வில் பிழை இருக்கிறது, அது என் பிழை. ஸ்பானிய மொழி படிக்க ஆசைப்படுகிற பன்னிரண்டு பேரைச் சேர்த்து, ஆறு பேருக்கு மொழிபெயர்ப்பு இயந்திரத்தைத் திறந்துவிட்டு, ஆறு பேருக்கு அகராதி மட்டும் கொடுத்து, எட்டு ஞாயிறு கட்டுரை எழுத வைக்கச் சொன்னாய், இயந்திரத்தை நம்புகிறவர்களுக்கு மொழி ஏறுகிறதா இல்லையா என்று பார்க்க. நானும் ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள், வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு திரிகிறவர்கள் என்று பன்னிரண்டு பேரை என் கம்பியூட்டர் வகுப்பில் உட்கார வைத்தேன். இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷில் அடித்தால்தான் ஸ்பானிஷ் வரும், அப்படியிருந்தும் அந்த ஆறு பேரும் இருபது நிமிசத்தில் முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பார்கள். அகராதிக்காரர்கள் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் அறுபது எழுபது சொல்லில் நிற்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாம் வாரம் பலகையில் எழுதிப்போட்டேன், 120 சொல் இல்லாத தாள் சேராது என்று. நீ அனுப்பிய குறிப்பில் அப்படி ஒன்றும் இல்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை.

இன்று காலை தாள்களைக் கோப்பில் போட அடுக்கும்போது பார்த்தேன், மீனம்மாவின் ஆறாம் வாரத் தாளில் கடைசி ஐந்து வரி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. உனக்கு அவளைத் தெரியாது, நுவரெலியாவில் ஹோட்டல் அறை துடைக்கிற பிள்ளை, அகராதிக் குழு. இடது கையால் எழுதுகிறவன் கீழ்க்கடை ரிஸ்கான் ஒருவன்தான், அவன் இயந்திரக் குழு. மீனம்மா சான்றிதழ் வாங்க வந்திருந்தாள், ரிஸ்கானையும் மேலே கூப்பிட்டு இரண்டு பேரையும் கேட்டேன். ரிஸ்கான் சிரிக்கிறான். "இவங்க ஒரு சொல்லுக்கு பத்து பக்கம் பொரட்டுறாங்க சேர், எனக்கு மெஷின் அள்ளிக் கொட்டுது, மிச்சத்த வீட்டுக்கா கொண்டுபோக" என்றான். மீனம்மா சிரிக்கவில்லை. "நெறை கொறஞ்சவ கூடையில ரெண்டு புடி போடுறது இல்லையா சேர், நீங்களும் லயத்துல பொறந்தவருதானே, தெரியாத மாதிரி கேக்குறீங்க" என்றாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழும் என்று தெரிந்து வளர்ந்தவர்களிடம் போய் நான் 120 என்று ஓர் அளவு வைத்தேன். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஒருவரும் அதைக் களவு என்று நினைக்கவே இல்லை, ஒளிக்கக்கூட இல்லை, நான்தான் சொல்லை எண்ணினேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை.

அகராதிக் குழுவின் 48 தாளில் 31 தாளில் மற்றவர் வரி இருக்கிறது, எல்லாம் மூன்றாம் வாரத்திலிருந்து. போன கிழமை நீ எழுதியிருந்தாய், மூன்றாம் வாரத்திலிருந்து அகராதிக் குழு ஏறிக்கொண்டே போகிறது சித்தப்பா, இதை வைத்துத்தான் என் ஆய்வே நிற்கிறது, பேராசிரியை என்னைக் கட்டிப்பிடித்தார் என்று. அந்த ஏற்றம் மொழி படித்ததால் வந்ததில்லை மகள். இயந்திரம் கொடுத்த வாக்கியம் ரிஸ்கான் கையால் மீனம்மா தாளுக்கு வந்தது, அவ்வளவுதான்.

தாள்களை எரித்துவிடலாமா என்று யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். உனக்கு அனுப்பிய ஸ்கேன் அவ்வளவு தெளிவில்லை, அங்கே ஒருவருக்கும் கண்டுபிடிக்க முடியாது. ஜனவரியில் நீ ஆய்வைக் கொடுத்து, மார்ச்சில் உதவித்தொகை முடிவதற்குள் பட்டத்தோடு வெளியே வந்துவிடுவாய். மத்தியானம் லயத்துக்குப் போய் அம்மாவிடம் ஒரு வேடிக்கை மாதிரிச் சொன்னேன். "அந்தப் புள்ளைங்கள ஏசாதீங்க தம்பி. ஒங்க அண்ணன் செத்து மூணு மாசம் எனக்கு கை ஓடல. பக்கத்து நெரக்காரிங்க கொழுந்து போடலன்னா எனக்கு ஏது முழுப்பேரு, ரோகினிக்கு ஏது ஸ்கூல் சப்பாத்து" என்றார். நீ ஒன்பது வயதில் போட்ட சப்பாத்து. எனக்கே தெரியாது. உனக்கு என்ன ஆகும் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லாமலே திரும்பி வகுப்புக்கு வந்துவிட்டேன்.

இந்தக் கணக்கோடு ஆய்வைக் கொடுக்காதே. கொடுக்காவிட்டால் உதவித்தொகையை நீட்டுவார்களா என்று எனக்குத் தெரியாது, நீட்டுவார்கள் என்று ஆறுதலுக்காக எழுதவும் மாட்டேன். பட்டம் இல்லாமல் நீ வர வேண்டி வரலாம். என்னைக் கோபித்துக்கொள், ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள், அறையிலேயே அடைந்து கிடக்காதே. எட்டாம் வாரம் மீனம்மா வரவில்லை என்று உன்னிடம் சொன்னதும் பொய். அவள் வந்தாள், ரிஸ்கான்தான் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டான், அவள் யாரையும் கேட்காமல் 41 சொல் எழுதிக் கொடுத்தாள். நான் சிவப்பில் சேராது என்று எழுதி ஒதுக்கி வைத்தேன்.

சாமி உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார், கீழே இருப்பது அவர் கையெழுத்து, வெற்றுத் தாளில் முதலிலேயே வாங்கிக்கொண்டேன். கிடைத்ததும் பதில் போடு, ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
சித்தப்பா கணேசமூர்த்தி

நான் செய்யப்போவது:

1. 31 தாளிலும் எந்த வரி யாருடையது என்று நாளைக்குள் குறித்து, திரும்ப ஸ்கேன் பண்ணி அனுப்புவேன்.

2. அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, நடந்ததை அவர்கள் வாயால் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவேன். ஏச மாட்டேன்.

3. உன் பேராசிரியைக்கு, 120 சொல் என்பது என் சட்டம் என்று நானே இங்கிலீஷில் எழுதுவேன். இயந்திரத்தில் போட மாட்டேன்.

4. நீ வருவதாக இருந்தால் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டு, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து நிற்பேன்.

5. மீனம்மாவின் தாளில் நான் எழுதியதை அடித்துவிட்டு உனக்கு அனுப்புவேன். 41 சொல்லும் அவளுடையது.