ஒல்சன் வாசலுக்கும் சேர்த்து ஒரு ஸ்னோ மெசின்

கோப்பாய் தெற்கு,
கோப்பாய்.
26.10.1975

அன்புள்ள மகள் பத்மாசினிக்கு,

நல்லூர்க் கந்தன் காவலில் நாங்கள் சுகம். அங்கே கனடாவில் நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன். உன்னுடைய கடிதமும் அதற்குள் மடித்து வைத்த இரண்டு மெசின் படங்களும் வெள்ளிக்கிழமை வந்தன. ஐயா என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்க் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், பிறகு நான் அவரிடமிருந்து பறித்துப் பார்த்தேன். இங்கே ஐப்பசி மழை பிடித்துவிட்டது, வெங்காயப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, தங்கச்சி பத்மாவதிக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது, சிவப்பிப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது, மற்றப்படி புதினம் ஒன்றுமில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வீட்டிலிருந்து றோட்டுக்குப் போகிற உங்கள் ஒழுங்கை நீளமென்றும், அதில் ஸ்னோ இடுப்பளவுக்கு ஏறுகிறதென்றும், போன வருடம் மருமகன் சவலால் அள்ளி முதுகு பிடித்துப் படுத்தாரென்றும் எழுதியிருந்தாய். இந்த முறை புல்லு வெட்டுகிற தோட்ட டிராக்டருக்கு முன்னால் பூட்ட ஒரு ஸ்னோ மெசின் வாங்கப் போகிறீர்களாம், ஒற்றைக் கட்டமா இரட்டைக் கட்டமா என்று புருஷனும் பெண்சாதியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறீர்களாம். பிள்ளை, உனக்குத் தை மாதம் நாள். மருமகன் கடதாசி ஆலையில் இரவு வேலை, இருக்கிற ஒரு காரையும் அவர் கொண்டு போய்விடுவார். வயிற்றுக்குத்துத் தொடங்குகிற நேரம் அந்த ஒழுங்கை திறந்து கிடக்க வேண்டும், அதுதான் விஷயம். அதை விட்டுவிட்டு மெசினுடைய நிறத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாயே, உன்னை என்னவென்று சொல்ல!

நான் ஸ்னோவைக் கண்டதில்லை. ஆனால் எஞ்சின் வாங்கி ஏமாந்த வீடு இது, ஆனபடியால் எனக்குக் கதைக்க உரிமை இருக்கிறது. பாரம் குறைவு, தூக்கி வைக்கச் சுகம் என்று ஐயா ஒரு சின்ன இறைப்பு மெசின் வாங்கி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், பங்குனி மாதம் கிணற்றுத் தண்ணீர் கீழே போனதும் அது இருமிக்கொண்டு நின்றது, மிளகாய்க் கன்று கண்ணுக்கு முன்னால் வாடியது. வசதியான நாளுக்கு மெசின் வாங்கக் கூடாது, மோசமான நாளை நினைத்து வாங்க வேண்டும். ஒற்றைக் கட்டம் என்றால் முன்னுக்குச் சுழலுகிற அந்தத் திருகே அள்ளி அதே வேகத்தில் எறியுமென்று எழுதியிருந்தாய். சீமெந்துத் தரையும் நாலு விரல் ஸ்னோவும் என்றால் அதுவே போதும், பழுதாகிற உறுப்பும் குறைவு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுடையது கல்லுப் போட்ட ஒழுங்கை. நிலத்தை உரசிக்கொண்டு போகிற திருகு கல்லையும் சேர்த்தல்லவா அள்ளி எறியும், யன்னல் கண்ணாடிக்கு ஆர் பொறுப்பு? ஈர ஸ்னோ என்றால் அடைத்துக்கொள்ளுமாம் வேறு. இரட்டைக் கட்டத்தில் திருகு உள்ளே இழுத்துக் கொடுக்கிறது, பின்னால் இருக்கிற விசிறி புகைபோக்கி மாதிரி ஒரு குழாயால் தூர எறிகிறது, நிலத்தில் முட்டாமல் கொஞ்சம் உயர்த்தியும் வைக்கலாம். அதை இழுக்க உங்கள் டிராக்டருக்கு வலு காணுமென்றும் நீயே எழுதியிருக்கிறாய். பிறகென்ன? இரட்டைக் கட்டம்தான். முன்னுக்குப் பாரம் கூடினால் பின் சில்லு பிடிக்காது, ஆனபடியால் பின்னால் இரண்டு மண் மூட்டை கட்டச் சொல்லு, சில்லுக்குச் சங்கிலியும் போடச் சொல்லு. எங்கள் உழவு மெசினோடு மாரடிக்கிறவள் சொல்லுகிறேன், கேள்.

மருமகன் ஒற்றைக் கட்டத்தில் நிற்பதற்கு உண்மையான காரணம் பாரமும் இல்லை விலையும் இல்லை என்று உன் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. போன வருடம் அள்ளிப் போட்ட ஸ்னோ பக்கத்து வீட்டு ஒல்சன் கிழவருடைய வாசலை அடைத்ததும், அவர் வந்து கையைக் காலை ஆட்டிக் கத்தியதும், அன்றிலிருந்து முகம் பாராததும்தான் காரணம். இரட்டைக் கட்டம் தூர எறியும், திரும்பவும் கிழவரின் காணிக்குள் விழும், ஏன் வம்பு என்பது மருமகனின் யோசனை. இதை வாசித்ததும் ஐயா துள்ளி எழும்பி, 'அவர் சொல்லுறது சரியப்பா, மற்றவன்ரை காணிக்குள்ளை ஒரு பிடி மண் போட்டாலும் வழக்குத்தான், ஸ்னோ எண்டாப்போலை விடுவினமோ' என்றார். வேலியில் நட்ட ஒரு கதிகாலுக்காகப் பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை அண்ணையோடு இத்தனை வருடம் கோடு கச்சேரி என்று திரிகிற மனுசன் வேறு என்ன சொல்லுவார்! 'உங்கடை வழக்கைக் கனடாவுக்கும் ஏத்தி அனுப்பாதேங்கோ' என்று சொல்லிவிட்டு நான் எழுத இருந்தேன்.

பிள்ளை, உனக்கு ஒரு கதை நான் இதுவரை சொல்லவில்லை. நீ பிறந்த அன்று ஐயா வாடகைக் கார் தேடிச் சந்திக்குப் போனவர் போனவர்தான். நான் வேலிக்கு மேலால் ஒரு சத்தம் வைத்தேன். சாரத்தோடு ஓடிவந்து தன்னுடைய காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் ஆழ்வாப்பிள்ளை அண்ணை. அடுத்த தவணைக்கு இரண்டு பேரும் பழையபடி எதிரும் புதிருமாகக் கோட்டில் நின்றார்கள், அது வேறு. ஆனால் நான் கூப்பிட்டது கேட்கிற தூரத்தில் அந்த மனுசன்தான் இருந்தார். நான் இப்போது நீ கத்தினாலும் கேளாத தூரத்தில் இருக்கிறேன். அதை நினைத்தால் சோறு இறங்குதில்லை, மறைக்க மாட்டேன். ஒல்சன் கிழவர் கேட்கிற தூரத்தில் இருக்கிறார், காரும் வைத்திருக்கிறார், தனியாளாக இன்னமும் சவலால்தான் அள்ளுகிறார் என்று எழுதியிருக்கிறாய். ஆனபடியால் இரட்டைக் கட்டத்தை வாங்கி, குழாயை மற்றப் பக்கம் பற்றைக் காட்டுக்குத் திருப்பிவிட்டு, முதல் ஸ்னோ விழுந்த அன்றே அவருடைய வாசலை முதலில் துப்புரவாக்கச் சொல்லு. பிறகு உங்களுடையது. மன்னிப்பு ஒன்றும் கேட்கத் தேவையில்லை, மெசினே கதைக்கும். அடுத்த நாள் நீ ஒரு தட்டில் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்து, தை மாதம் இப்படி இப்படி என்று சொல்லி வை. வெட்கப்படாதே.

குழாய் அடைத்தால் எஞ்சினை நிற்பாட்டித் தடியால் குத்தச் சொல்லு, கையை விடக் கூடாது. சித்தப்பாவின் விரலை இறைப்பு மெசினின் பெல்ட் கொண்டுபோனதை மருமகனுக்குச் சொல்லு. நீ டிராக்டரில் ஏறினாய் என்று கேள்விப்பட்டால் தெரியும் சேதி. பத்தியத்தூள் இடித்து வைத்திருக்கிறேன், இந்தக் கிழமை பார்சலில் வரும். நீயும் பிள்ளையும் நூறு வருடம் நல்லாயிருக்க வேண்டும், மருமகன் தில்லைநாதனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பிள்ளை பிறந்ததும் தந்தி அடியுங்கள். ஆணோ பெண்ணோ என்று போடுகிறதோடு, ஆருடைய காரில் போனாய் என்றும் போடு, ஐயாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
குணலட்சுமி