ஸ்டார் மெஷ் ஆனது

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு

மாலையில் பழைய மாணவி கலைச்செல்வி வந்திருந்தாள். அவர்கள் வகுப்பில் யாருக்கு யாருடைய சேதி வேண்டுமென்றாலும் இத்தனை வருடமும் எனக்குத்தான் போன் செய்வார்கள். போன மாதம் நான் மருத்துவமனையில் கிடந்தேன். அப்போது பார்த்து ராஜேந்திரனின் அப்பா இறந்துவிட்டார். சொல்ல ஆளில்லாமல் கூடப் படித்தவர்கள் ஒருவரும் சாவுக்குப் போகவில்லை.

"ஸ்டார்ல நடுப்பெட்டி படுத்துச்சுன்னா மொத்தமும் படுத்துடும்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர்? அதான் மெஷ்ஷா மாத்திட்டோம்," என்றாள் சிரித்தபடி. வாட்ஸ்அப்பில் குழு தொடங்கியிருக்கிறார்கள்.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறைகள் பற்றிய அந்தப் பாடம் ஞாபகம் வந்தது. கணினிகள் போதாமல் பிள்ளைகளையே கணினிகளாக நிற்கவைத்துக் கையில் சணல் கயிறு கொடுத்தேன். அம்பகரத்தூர்க்காரர் தருமபுரம் போகக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறுகிறாரே, அது ஸ்டார். எல்லா ஊருக்கும் எல்லா ஊரிலிருந்தும் நேர் பஸ் இருந்தால் மெஷ். மெஷ் கட்டியபோது கயிறு சிக்கி, நகர முடியாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். கலைச்செல்விதான் பல்லால் முடிச்சை அவிழ்த்தாள்.

"என்னையும் சேர்ப்பியாடி?"

"சேக்காமயா? ஆனா நீங்களும் இனிமே எங்கள மாதிரி ஒரு கணினிதான், பாத்துக்கங்க."

சாப்பிட்டபின் குழுவைத் திறந்தேன். உமா எந்த ஊரில் இருக்கிறாள் என்று ராஜேந்திரன் கேட்டிருந்தான். எனக்குத் தெரியும். எழுதி முடிப்பதற்குள் உமாவே பதில் போட்டுவிட்டாள். நான் எழுதியதை அழித்தேன்.

நல்லதுதான். இனி இரவில் போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம். இன்னும் அணைக்கவில்லை.