படகோடு மூடி வைத்த மாத்திரை

அன்பு மருமகள் மாரெனுக்கு,

ஏரிக்கரையிலிருந்து உன் ஹார்லன் மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். என் ரத்த அழுத்தம் என்னைவிட நலம். கிளினிக்கில் இருக்கும் அந்தச் சின்ன டாக்டர், மீசை இன்னும் முளைத்து முடியாதவன், போன வாரம் கருவியைப் பார்த்துவிட்டு நர்சைக் கூப்பிட்டுக் காட்டினான். இந்த வயதில் இப்படி ஓர் அளவை அவன் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லையாம். பார்த்துக்கொள்ளட்டும், காசா பணமா. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகம்தானே?

இதை உன் கையில் கொடுப்பவன் தவுனோ. எதிர்க்கரையில் இருக்கும் அதே பின்லாந்துக்காரன். நுரையீரல் டாக்டரைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறான். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற ஜென்மம். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் தலையை ஆட்டுவான், அதை வைத்து நல்லா இருக்கிறானா செத்துக்கொண்டிருக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியாது. காபி கொடு. வாசலிலேயே நிறுத்திவிடாதே.

போன் செய்யலாமே என்பாய். செய்தேனே. "மாமா, போன வருஷம் அப்பா ஏரி ஐசுக்குள்ள போயிட்டாருன்னு என்னை ராத்திரியோட ராத்திரியா வண்டி ஓட்ட வச்சீங்க. வந்து பாத்தா ஒரு பூட்ஸ் நனைஞ்சிருக்கு. இப்ப என்ன கதை?" என்று கேட்டுவிட்டு, உன் மருந்துக் கடையில் கூட்டம் என்று வைத்துவிட்டாய். ஐசுக்குள் போனது போனதுதான் மருமகளே. கணுக்காலா கழுத்தா என்பதெல்லாம் விவரம். அது கிடக்கட்டும்.

இந்தக் குளிர்காலம் ஏரியில் மீன் பேச்சே செத்துவிட்டது. லவர்னின் தூண்டில் கடையில் கிழவர்கள் முன்பெல்லாம் பிடிக்காத மீனைப் பற்றிப் பொய் சொல்வார்கள். அதில் ஒரு கௌரவம் இருந்தது. இப்போது நெஞ்சுத் துடிப்பை அடக்குகிற மாத்திரையைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள். என்னோட பீட்டா பிளாக்கர் உசத்தி, உன்னோடது மட்டம் என்று சண்டை. ஒருவனுக்கும் தன் மாத்திரையின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாது. வெள்ளையா உருண்டையா இருக்கும் என்பான். உலகத்தில் எந்த மாத்திரைதான் வெள்ளையாய் உருண்டையாய் இல்லை? நான் எட்டாம் வகுப்பு. அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்திடம் சரக்கில்லை. ஆனால் டப்பாவுக்குள் மடித்து வைக்கிறார்களே துண்டுத்தாள், எறும்பு எழுத்தில், அதைப் பூதக்கண்ணாடி வைத்து முழுசாகப் படித்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். எழுதிக்கொடுத்த டாக்டரும் படித்திருக்க மாட்டான்.

என் மீன்குடில் உனக்குத் தெரியும். உறைந்த ஏரியில் பனி மேல் நிற்கிற குடில்களில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்தது என்னுடையது மட்டும்தான். கவர்னர் வந்தால்கூட உட்கார வைக்கலாம். ஆனால் என்னோடு உட்காருகிறவர்கள் உன் அப்பாவும் தவுனோவும். ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பனியில் துளைத்த ஆளுக்கொரு ஓட்டையில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு, மூன்று பேருக்கும் மூன்று மாத்திரை.

தவுனோவுக்கு முதலில் கொடுத்தது ப்ரோப்ரனலால். சின்ன வயதிலிருந்து மூச்சு இழுக்கிறவனுக்கு அதைப் போய் யாராவது கொடுப்பார்களா? அது நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது, மூச்சுக்குழாயையும் இறுக்கும். டாக்டர் கேட்கவில்லை, இவனும் எனக்கு இழுப்பு உண்டு என்று சொல்லவில்லை. வார்த்தை செலவாகிவிடுமே. குடிலுக்குள் அவன் நெஞ்சு விசிலடித்ததில் காபி கொதித்துவிட்டது என்று நான் இரண்டு தரம் எழுந்தேன். பிறகு மெட்டோப்ரோலாலுக்கு மாற்றினார்கள். அது நெஞ்சோடு நிற்கப் பார்க்கும், மூச்சு பரவாயில்லை. ஆனால் கனவு வர ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் காலையில் "மான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மான் அவன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசித்ததும், பக்கத்து வீட்டுக்காரியைப் பெண் கேட்டதும் நான் லவர்ன் கடையில் சொன்னது. அவனிடம் விட்டால் அந்தக் கனவு வீணாய்ப் போயிருக்கும்.

எனக்குக் கார்வெடிலால். அதுதான் மாத்திரை. இதயத்தை அடக்குகிற கையோடு ரத்தக் குழாயையும் கொஞ்சம் விரித்துக்கொடுக்கும். வயிற்றில் ஏதாவது போட்டுவிட்டுத்தான் முழுங்க வேண்டும், இல்லையென்றால் எழுந்து நிற்கும்போது குடில் ஒரு சுற்று சுற்றும். ஆகவே மான்கறி சாஸேஜ் எனக்கு இரண்டு துண்டு கூடுதல். அது வைத்தியம், பெருந்தீனி இல்லை. உன் அப்பாவுக்கு அது புரியாது.

இனி உன் அப்பா. வெண்டல் அத்தானுக்கு அட்டெனோலால். பழைய சரக்கு. வண்டி ஓடும், ஆனால் ஹீட்டர் வேலை செய்யாது. விரல்கள் மெழுகுவத்தி மாதிரி வெளுத்துவிடும். கொக்கியில் முடிச்சுப் போட முடியாமல் பல்லால் இழுப்பார். டிசம்பரில் பனி துளைக்கும் ட்ரில்லின் ஸ்பானரை ஓட்டைக்குள்ளே விட்டார். என் ஸ்பானர். "என்ன அத்தான், மீனுக்கு வீடு கட்டக் கருவி அனுப்புறீங்களா?" என்றேன். "உன் வாயை முதல்ல அந்த ஓட்டைல விட்டு அடைக்கணும்டா மச்சான்" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. என் கையைக் கழற்றிக் காட்டி, அதாவது உறையைக் கழற்றி, "பாருங்க, ஜூலை மாசம் மாதிரி சூடு. இதுதான் கார்வெடிலால்" என்றேன். "அப்ப அதுல ஒண்ணு குடு" என்றார். கொடுக்கவில்லை. என் பல்செட்டைக் கேட்டாலும்தான் கொடுக்க மாட்டேன். அவரவர் வாய்க்கு அளவெடுத்தது.

"டாக்டர்கிட்ட போய் மாத்திக் கேளுங்களேன்" என்றேன். "அந்தப் பயகிட்டயா? அவனுக்கு நான் பிறந்த வருஷத்தைச் சரித்திரப் பாடத்துல நடத்தியிருப்பாங்க" என்றார். அந்தப் பயலைப் பற்றி அவர் சொன்னது ஒன்றும் தப்பில்லை. ஆனால் கேள்.

ஜனவரி பிறந்தபோது பார்த்தால் உன் அப்பா விரல் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஊசி மாதிரிக் கொக்கியில் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டு என் மூக்குக்கு நேரே ஆட்டினார். என்ன மந்திரம் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏரி உறைஞ்சா படகை என்ன பண்றோம்? என்ஜின்ல தண்ணிய வடிச்சு, தார்ப்பாய் போட்டு மூடுறோம்ல? மாத்திரையையும் அதோட மூடிட்டேன். கோடையில ரத்தம் கொதிக்குது, அப்ப வேணும். குளிர்ல அது தானா அடங்கிரும். ஐஸ் உருகட்டும், ரெண்டையும் வெளியே எடுப்போம்."

படகுக்குள், தூண்டில் பெட்டியின் மேல் தட்டில், தார்ப்பாய்க்கு அடியில் அட்டெனோலால் தூங்குகிறது மருமகளே. முப்பத்தைந்து வருஷம் காகித ஆலையில் இயந்திரம் பார்த்த மனுஷன். அங்கே ஓர் இயந்திரத்தைச் சட்டென்று அணைத்தால் மேலாளர் காதைப் பிடித்துத் திருகியிருப்பார். சொந்த நெஞ்சு என்றால் மட்டும் ஒரே நாளில் அணைத்துவிடலாமாம்.

எல்லாத் துண்டுத்தாளிலும், என்னுடையதிலும் தவுனோவுடையதிலும், ஒரு கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது, திடீரென்று நிறுத்தாதே என்று. அடக்கி வைத்திருந்த நெஞ்சு முன்னைவிடப் பிடித்துக்கொண்டு ஓடும். நெஞ்சு வலிக்கும். அதற்கு மேலும் வரும். இதை வாசித்தே காட்டினேன். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "போன மாசம் கார்வெடிலால் போட்டா வழுக்கையில முடி முளைக்கும்னு லவர்ன்கிட்ட சொன்னவன்தானே நீ? மானுக்கு அக்கார்டியன் குடுத்தவன்தானே? இப்ப எனக்குக் கட்டம் கட்டிக் காட்டுறியா?" பூதக்கண்ணாடியை நீட்டினேன். அதை வாங்கித் தன் தூண்டில் புழுவைப் பார்த்தார்.

முடி முளைக்கும் என்றுதான் சொன்னேன், மறுக்கவில்லை. அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும் மொட்டைத் தலைகளுக்கு அது போதும்.

போன சனிக்கிழமை மத்தியானம் அத்தானுக்கு நல்ல மீன் ஒன்று சிக்கியது. இழுத்து முடித்துவிட்டு வாளியில் உட்கார்ந்தார். மீன் கீழே துள்ளிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மேல்கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாய் அவிழ்த்தார். அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை. முகம் அடுப்புச் சாம்பல் நிறம். உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டே, "உன் சாஸேஜ் ஒத்துக்கலடா" என்றார். அன்றைக்கு அவர் சாஸேஜைத் தொடவே இல்லை.

தவுனோ எழுந்து நின்றான். "வெண்டல், டாக்டர்" என்றான். இரண்டு வார்த்தை. பாதி வருஷத்துக் கணக்கு. நான் வண்டிச் சாவியைத் தேடினால் அதை உன் அப்பா பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ரெண்டு கிழவிகளும் பேசாம மீனைப் பாருங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குவேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் வலி விட்டுவிட்டது. நேற்று ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு குடிலுக்கு நடக்கும்போது மறுபடி நின்றார். பூட்ஸ் கயிறு கட்டுவதாகச் சொன்னார். அந்த பூட்ஸுக்குக் கயிறே கிடையாது.

இந்த உலகத்தில் அவர் பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் நீ. மற்ற எல்லாரும் அவருக்கு முட்டாள்கள், அதில் நான் முதல் வரிசை. இதைப் படித்தவுடன் போன் செய். நான் எழுதினேன் என்று சொல்லாதே, சொன்னால் காரியம் கெட்டுவிடும். தவுனோ சொன்னான் என்று சொல். பொய் சொல்லும் அளவுக்கு அவன் என்றைக்கும் பேசியதில்லை என்று உன் அப்பாவுக்குத் தெரியும். நான் சொல்வதில் நம்பிக்கை வரவில்லையா, எடுத்த எடுப்பில் ஒன்று கேள்: அப்பா, மாத்திரை டப்பாவை எடுத்து அதில் இருக்கிற பெயரை எனக்கு வாசியுங்கள் என்று கேள். மருந்து அலமாரிப் பக்கம் போகாமல், வெளியே படகுக்குப் போக அவர் பூட்ஸைத் தேடினால் உனக்கே புரிந்துவிடும்.

அவர் பழைய டப்பாவைத் திறந்து தானாகவே முழு மாத்திரையை முழுங்கிவிடவும் வேண்டாம். எப்படித் தொடங்குவது என்று அந்த மீசை முளைக்காதவனே சொல்லட்டும். விரல் விறைக்கிறது என்று அவனிடம் வாயைத் திறந்து சொன்னால் வேறு மாத்திரை கொடுப்பான். அழுத்தத்துக்கு வேறு ஜாதி மாத்திரைகளே எத்தனையோ இருக்கின்றன என்று உன் கடை அலமாரிக்குத் தெரியும். இன்றைக்கே கிளினிக்குக்குப் போகச் சொல். நாளைக்கு என்பார். ஒத்துக்கொள்ளாதே. அழ வேண்டியிருந்தால் அழு. உன் அம்மா இருந்திருந்தால் அழமாட்டாள், காதைப் பிடித்து இழுத்துப்போய் வண்டியில் ஏற்றியிருப்பாள். எனக்கு அந்த உரிமை இல்லை. நான் வெறும் மச்சான்.

நான் பிடித்த மீன்களின் நீளம் உனக்குத் தெரியும். வீட்டுக்கு வருவதற்குள் வளரும், லவர்ன் கடைக்குப் போவதற்குள் இன்னும் வளரும். சனிக்கிழமை நான் பார்த்த முகத்தை மட்டும் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

நீயும் உன் வீட்டுக்காரரும் நீண்ட காலம் நல்லா இருக்க வேண்டும். உன் அப்பாவையும் அதில் சேர்த்துக்கொள். தவுனோ என்ன, அவன் பேசமாட்டான். குடிலில் அந்த மூன்றாவது வாளி காலியாகிவிட்டால் என்னைத் திட்ட இந்த ஏரியில் தகுதியான ஆள் ஒருவரும் இல்லை.

இப்படிக்கு,
உன் மாமா
ஹார்லன்