காதர் பிடித்த பிடி

ஜன்னலைத் திறந்ததும் நனைந்த செம்மண் வாசனை. கபடி மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுகிறார்கள். இன்று சாயங்காலம் தேங்காய் உடைத்துப் பயிற்சி தொடங்குகிறார்களாம். அழைக்க வந்த காதர் வாசலிலேயே நின்று, "மதினி, நீங்க ஒரு எட்டு வரணும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். உங்களுக்குப் பிறகு தாராவிப் பையன்களுக்கு அவன்தான் கோச்.

உங்கள் ஆட்டத்தைப் பார்க்க மாட்டுங்காவிலிருந்து ஆபீஸ்காரர்கள்கூட வந்த காலம் ஒன்று இருந்தது. மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்தால், இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் நடுக்கோட்டுக்குத் திரும்புவீர்கள். அந்த மூச்சுக்காகத்தான் மில்லில் வேலை கொடுத்தார்கள். கொடுத்ததோ பஞ்சுத் தூசி பறக்கும் பிரிவில். வேலைநிறுத்தத்தில் மில் மூடியபோது வேலை போனது, தூசி மட்டும் உங்கள் நெஞ்சில் தங்கிவிட்டது. இனி ஆடவே கூடாது என்றார் டாக்டர். "ஏட்டி, நான் கோச்சுல்லா. வெளிய நின்னு கத்தப்போறேன், அவ்வளவுதான்" என்றீர்கள். நானும் பெரிய புத்திசாலி மாதிரித் தலையாட்டினேன்.

ஆனால் நம் மைதானத்து வழக்கம் இருக்கிறதே! பயிற்சி தொடங்கும் நாளில் முதலில் பாடிப் போகிறவர் கோச். அந்த வருஷமும் பழைய அரைக்கால் சட்டையோடு இறங்கினீர்கள். பாதியிலேயே மூச்சு இழுத்தது, நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. பிடிக்காமல் விடுவதுதான் மரியாதை என்று நினைத்த பையன்கள், விலகி நின்று உங்களைத் திரும்பிப் போகவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. "என்னையப் புடிக்காம விட்டுட்டானுவ. செத்தவன்னு நெனச்சுட்டானுவ" என்று அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் கதவை மறித்தேன். என்னை ஒதுக்கிவிட்டுப் போய், "என்னைய மடக்கிப் புடிக்காதவன் என் டீம்ல இல்ல" என்று பையன்களிடம் சொல்லிவிட்டு மறுபடி பாடினீர்கள். காதர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். விழுந்த உங்களை மற்றவர்கள் தூக்கி வந்தார்கள். அவன் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டானாம். எல்லோரும் போன பிறகு, முகமெல்லாம் செம்மண்ணாக என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "காதர் புடிச்சாம் பாரு ஒரு புடி! அசைய முடியலட்டி!" அதற்குப் பிறகு படுக்கையைவிட்டு எழவே இல்லை. தீபாவளி வருவதற்குள் போய்விட்டீர்கள்.

அவனால்தான் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அந்த நெஞ்சு எப்படியும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தாலும் எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. உங்கள்மேல் கோபப்பட்டால் பதில் சொல்ல நீங்கள் இல்லையே. நீங்கள் சிரித்தது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

சேலை மாற்றிவிட்டேன். போய் அவனிடம் அதைச் சொல்லிவிடப் போகிறேன். இன்று முதலில் பாடிப் போகிறவன் அவன். தலையைக் குனிந்துகொண்டா போவது? அவன்மேல் இருந்த கோபம் இன்றோடு சரி. உங்கள்மேல் உள்ளது அப்படியே இருக்கிறது. அதையாவது என்னிடம் விட்டுவையுங்கள்.