பரீதா பார்க்க வேண்டும்

9.1.84 திங்கள்

விடியலிலிருந்து மழை. முற்றமெல்லாம் தண்ணீர், உடுப்பு ஒன்றும் காயவில்லை. நாலு மணிக்குப் புதிய டொக்டரின் குவார்ட்டஸ் வீடு, பரீதாவோடு. டொக்டர் மிஸிஸ் இங்கிலாந்தில் பழகிய எக்சசைஸ். பெயர் பிலாட்டீஸ். நாலாவது பிள்ளைக்குப் பிறகு விடாத என் இடுப்பு வலிக்கு, இந்த நாரிப்பிடிப்புக்கு, நல்லதாம். பெண்கள் மட்டும், யன்னல் எல்லாம் சாத்தி.

பன்பாயில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கவேண்டும். பெண்கள்தான் என்றாலும் வெட்கம். பாவாடையைக் கணுக்காலில் ஊசி குத்திக்கொண்டு போயிருந்தேன், நல்லவேளை. பரீதா இவரின் தங்கை, என் மச்சி. சவூதியிலிருந்து புருஷன் அனுப்பிய நீலக் களிசானை ஆம்பிளை மாதிரிப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கூச்சமும் இல்லை. டொக்டர் மிஸிஸ் அவளை முன்வரிசைக்குக் கூப்பிட்டார். என்னை யாரும் எங்கும் கூப்பிடவில்லை.

சீனி முடிந்தது. மண்ணெண்ணெயும்.

23.1 திங்கள்

மானம் போனது. முழங்காலை மடித்து, நெற்றியைப் பாயில் வைத்து இளைப்பாறும் நிலை ஒன்று. எழும்பும்போது தொழுகைப் பழக்கதோஷம், வாய் சத்தமாக "அல்லாஹு அக்பர்" என்றுவிட்டது. எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். பரீதா விழுந்து விழுந்து.

"எத்தின ரக்அத் மச்சி?"

24.1 செவ்.

இவர் கடையால் வரும்போதே சிரிப்பு. கதை கடைவரை போயிருக்கிறது.

"ஆரு சொன்ன?"

"பரீதாதான். பகிடிக்குச் சொன்னவள். அவள் சின்னதிலயே அப்பிடித்தான். உடம்பும் வில்லு மாதிரி."

வில்லாம். வயிறு எரிந்தது. அவளுக்கு ஒரே பிள்ளை, சமைக்க உம்மா கூடவே. அப்படி இருந்தால் நானும் வளைவேன். இனி அந்தப் பக்கமே போவதில்லை.

26.1 வியா.

போனேன். நாரி விட்டால்தானே.

20.2 திங்கள்

நல்ல வெயில். வலி குறைவு. குனிந்து முற்றம் கூட்ட முடிகிறது. சின்னவனுக்குச் சளி.

பரீதா இன்று அந்தப் பெரியதைச் செய்தாள். படுத்திருந்து அப்படியே எழும்பி, குண்டியில் மட்டும் இருந்துகொண்டு காலை மேலே நீட்டுவது. தொடையைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் கைதட்டல். நான் உருண்டுபோய்ப் பக்கத்துப் பெண்ணின் மேல்.

"மூச்ச விட்டு மெதுவா வாங்க, அவசரமில்ல" என்றார் டொக்டர் மிஸிஸ். கையை விட்டுச் செய்தால்தான் சரியாம். பரீதாவும் அதுவரை வரவில்லை.

அவசரம் இருக்கிறது. பரீதாவுக்கு விசா வந்துவிட்டது. பிள்ளையோடு சவூதிக்கே போகிறாள். மக்காவும் பார்ப்பாள். எல்லாம் அவளுக்கே. போகுமுன் நான் கையை விட்டுச் செய்யவேண்டும், அவள் பார்க்க. அல்லாஹ்விடம் துஆவில்கூடக் கேட்டுவிட்டேன். பாவமோ தெரியாது.

8.3 வியா.

வந்தது! கையை விட்டு. காலும் நடுங்கவில்லை.

"எல்லாரும் இஞ்ச பாருங்க" என்றார் டொக்டர் மிஸிஸ். முன்வரிசை இனி எனக்கு. யார் முன்னால் படுக்கவும் வெட்கமில்லை.

பரீதா வரவில்லை. பெட்டி அடுக்குகிறாளாம், ஞாயிறு பயணம். வரும் வழியெல்லாம் அழுகை. அவள் பார்க்காததை வேறு யார் பார்த்து என்ன?

10.3 சனி

பயணம் சொல்லப் பரீதா வீடு. மண்டபம் நிறைய ஆட்கள், வட்டிலப்பம், சத்தம். பெட்டி வைத்திருக்கும் அறைக்குள் அவளைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"என்ன மச்சி, ஏதும் வாங்கி அனுப்பணுமா?"

"ஒண்டும் வேணா. இதப் பாரு."

சாரியைக் காலுக்கிடையில் செருகி, பெட்டிகளுக்கு நடுவே சீமெந்து நிலத்தில் படுத்து எழும்பினேன். கால் மேலே, கை முன்னே. மூச்சை விட்டுக்கொண்டு அப்படியே இருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"கைய விட்டா?"

புது உடுப்போடு அவளும் படுத்தாள். கையை விட்டதும் விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். வெளியில் மாமி கதவைத் தட்டுகிறா.

"எப்பிடி மச்சி செய்ற?"

"பழகினா வரும்" என்றேன்.

அவள் முகத்தில் பொறாமை, அப்பட்டமாக. எனக்குத் தெரியாத முகமா அது, கண்ணாடியில் தினம் பார்த்ததுதானே. அல்ஹம்துலில்லாஹ்.