எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்

வியாழக்கிழமை இரவு

இன்று பெற்றோரைப் பள்ளி விளையாட்டு மண்டபமான ஜிம்மில் கூட்டி, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பரிசோதகர்களின் அறிக்கையைப் பள்ளி அதிபர் வாசித்தார். எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வாசிக்கிறார்களாம். என் வகுப்பு அபிராமியின் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான்தான் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னேன்.

"என்ர மகள் வாசிச்சதையும் கேட்டவையோ, பிள்ளை?" என்று அவர் என்னைக் கேட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த அபிராமிக்கு இன்னும் ஆங்கிலம் வாசிக்க வராது. பரிசோதகர்கள் வந்த அன்று, எங்கள் ரீச்சர் அவளை மட்டும் இதே ஜிம்முக்குப் பந்துகளை அடுக்க அனுப்பிவிட்டார். இப்போது அபிராமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அன்ரி," என்றேன்.

அன்ரி அவள் தலையைத் தடவினார். "பாத்தியே, உன்னாலயும்தான் பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேர்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் நிறுத்திய பிறகும் அபிராமி தட்டிக்கொண்டே இருந்தாள்.